பெயர் நீக்கப்பட்ட நோய்

1980ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்வகைக் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, 1968ஆம் ஆண்டின் முந்தைய பதிப்பில் இருந்த ஒரு நோய் அதில் இடம்பெறவில்லை. ‘இன்வொலூஷனல் மெலன்கோலியா’ என்பது அதன் பெயர். வளர்ந்து முதிர்ந்த உறுப்பொன்று தன் தொழில் முடிந்து சுருங்குதலை மருத்துவர் ‘இன்வொலூஷன்’ என்பர். ஆகவே ஒடுங்குபருவத் துயர்நோய் என்று இக்கட்டுரையில் அதனை வழங்குவோம். நாற்பதைக் கடந்த பெண்ணொருத்தி, அதுவரை மனநோய் எதுவும் காணாதவள், உறக்கமிழக்கிறாள்; இருந்த இடத்தில் இருக்கமாட்டாமல் கைகளைப் பிசைந்தபடி கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறாள்; தான் பெரும்பாவம் செய்துவிட்டதாகவும், குடும்பம் வறுமையில் விழப்போவதாகவும், தன் குடல் அழுகிப்போய்விட்டதாகவும் புலம்புகிறாள். ஏறத்தாழ 80 ஆண்டுக்காலம் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளில் இத்தகைய பெண்ணின் ஏட்டில் எழுதப்பட்ட பெயர் இதுவே. ஆண்களுக்கும் இந்நோய் உண்டு எனப் பாடநூல்கள் ஒப்புக்குச் சொல்லும். அவர்களுக்கு அது பத்தாண்டு பிந்தி வருமாம். எனினும் ஏடுகளை நிறைத்தவர் பெண்களே.

இந்த வரலாற்றை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிடலாகாது என்பது நம் எண்ணம். நடுவயதுப் பெண்ணின் துயரத்துக்குக் காரணம் அவள் உடலா, அவள் வாழ்ந்த வீடா என்ற வழக்கு இந்தப் பெயரின் பேரில் நூறாண்டுக்கு மேலாக நடந்திருக்கிறது. பெரும்பாலும் அவளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாமலேயே நடந்தது என்பதுதான் விசித்திரம்.

கதையைச் சற்று முன்னிருந்தே தொடங்கவேண்டும். மாதவிடாய் நின்றுபோகும் பருவத்துக்கு ‘மெனோபாஸ்’ என்ற சொல்லே 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1816இல் அதனைப் புனைந்தார். 1821இல் வெளியிட்ட நூலில் இன்றுள்ள வடிவத்துக்குச் சுருக்கினார். அதற்கு முன்பும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. அதை ஒரு கண்டத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டினார்கள். சொல் வந்த பிறகு அது மருத்துவரின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பாயிற்று. லண்டனில் எட்வர்ட் ஜான் டில்ட் என்ற மருத்துவர் 1857இல் இப்பருவத்துக்கென்றே தனிநூல் எழுதினார். 500 பெண்களிடம் கேட்டறிந்து அவர் தொகுத்த தொல்லைகளின் பட்டியல் மிக நீளமானது; உடலில் ஓர் உறுப்பையும் விட்டுவைக்காதது. அட்டை விட்டுக் குருதி எடுத்தலும், அபினி முதலிய மயக்க மருந்துகளும் அவர் கையாண்ட வைத்தியங்களுள் சில. அவரைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. 500 பெண்களிடம் உட்கார்ந்து கேட்டவர் என்பதை மறக்கலாகாது. கேட்டதையெல்லாம் சூலகத்தின் கணக்கில் எழுதிவிட்டார் என்பதே குறை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ மனநலக் காப்பகத்தில் டேவிட் ஸ்கே என்பவர் 1860களில் பித்தினைக் காரணவாரியாக வகுத்தபோது, மகப்பேற்றுப் பித்து, மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பித்து எனத் தனித்தனி அறைகள் அமைத்தார். மணமாகாத முதுகன்னியின் பித்துக்கும் அந்த வீட்டில் ஓர் அறை உண்டு. மணந்து பெற்றாலும் பித்து, மணக்காவிடினும் பித்து என்று கொண்டால் பெண்ணாய்ப் பிறந்தவள் எந்த வாசல் வழியாக வெளியேறுவது என்று கேட்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ராபர்ட் பேட்டி 1872இல் வேறொரு வாசலைத் திறந்தார். மாதவிடாயையொட்டி வரும் வலி, வலிப்பு, மனக்குலைவு ஆகியவற்றுக்கு மாதவிடாயையே நிறுத்திவிடுவது தீர்வு என்பது அவர் கணக்கு. அதற்காகச் சூலகங்களை அறுத்தெடுத்தார். அதாவது செயற்கையாக மெனோபாஸை வரவழைத்தார். அவர் பெயராலேயே வழங்கிய இந்த அறுவை அட்லாண்டிக்கின் இருகரையிலும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்யப்பட்டது. கணிசமானோர் மேசையிலும் அதன்பின் வந்த நச்சுக்காய்ச்சலிலும் இறந்தனர். ஒரு தலைமுறைக்குப் பிறகு இதே மருத்துவ உலகம், சூலகம் ஓய்ந்துபோவதே பெண்ணைப் பித்தாக்குகிறது என்று சொல்லலாயிற்று. முதலில் சூலகம் இருப்பது குற்றம். பிறகு அது ஓய்வது குற்றம். இவ்விரண்டு கருத்துக்கும் இடையே எவரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒடுங்குபருவத் துயர்நோய்க்கு உரிய இடத்தை வழங்கியவர் ஜெர்மானிய உளமருத்துவத்தின் தந்தையெனப் போற்றப்படும் எமில் கிரேப்பலின். 1896இல் வெளிவந்த தமது பாடநூலின் ஐந்தாம் பதிப்பில் இதனைத் தனி நோயாக அமைத்தார். உடல் முதுமை நோக்கித் திரும்பும் பருவத்தில் தோன்றுவது, குணமாதல் அரிது, வாழ்க்கையில் முன்னர் வந்துபோகும் சோர்வுகளோடு இதற்கு உறவில்லை என்பன அவர் கூற்று. குணமாதல் அரிது என்ற சொல்லின் கனத்தை வாசகர் எண்ணிப்பார்க்கவேண்டும். காப்பகத்தில் மனைவியைக் கொண்டுவந்து விட்டவனிடம் இனி இவள் திரும்பமாட்டாள் என்று சொல்வதற்கு நிகர் அது.

இதற்குப் பின் நடந்ததுதான் நமக்கு மிக முக்கியமாகப் படுகிறது. டிரேஃபுஸ் என்ற இளம் மருத்துவர், ஹைடல்பெர்க் நகரில் கிரேப்பலினே இந்நோயர் என்று குறித்துவைத்திருந்தவர்களைத் தேடிச் சென்று விசாரித்தார். பலர் குணமாகியிருந்தனர், சில ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டியிருந்தது, அவ்வளவே. பலருக்கு இளவயதிலும் இத்தகைய சோர்வு வந்து போயிருந்தது. அப்போது எவரும் அதைக் கேட்டுக் குறிக்கவில்லை. ஆக, இது தனி நோயன்று என்று 1907இல் நூலெழுதி நிறுவினார். கிரேப்பலின் பெரியமனிதர், அந்த நூலுக்கு முன்னுரை தந்ததோடு, 1913க்குள் தம் பாடநூலிலும் அந்த நோயைத் தனியிடத்திலிருந்து அகற்றிவிட்டார். பெற்றவரே பெயரை விலக்கிக்கொண்ட பின்னும் பிள்ளை இன்னும் 67 ஆண்டுகள் உயிரோடிருந்தது. அமெரிக்கக் காப்பகங்களின் புள்ளிவிவரத்துக்கென 1918இல் வந்த வகைப்பாட்டில் இருந்தது. 1952இன் முதற் கையேட்டில் சிறிது உருமாறி இருந்தது. 1968இல் பழைய பெயரோடே மீண்டது.

ஏன் சாகவில்லை? சான்றுகள் வலுவாக இருந்ததனால் அல்ல என்பது வெளிப்படை. அந்தப் பெயர் எல்லார்க்கும் வசதியாயிருந்தது என்பதே நம் துணிபு. கணவனுக்கு வசதி, மக்களுக்கு வசதி, மருத்துவருக்கும் வசதி. ‘வயசு அப்படி’ என்று சொல்லிவிட்டால் வேறு எவரும் எதற்கும் பதில் சொல்லவேண்டியதில்லை அல்லவா? 

1930களில் அமெரிக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு ஆளாகும் பெண்ணின் முற்குணங்களை ஆராய்ந்து எழுதினர். அவள் கடமை தவறாதவள், சிக்கனமானவள், ஒழுங்கும் தூய்மையும் பேணுபவள், தனக்கென்று பொழுதுபோக்கு இல்லாதவள், பிறர்மேல் கோபத்தை வெளிக்காட்டாதவள். நல்ல மருமகள் தேடுவோர் கேட்கும் குணங்கள் இவை. இருபது வயதில் எவற்றைக் காட்டி அவளுக்கு மணம் பேசினார்களோ, ஐம்பதில் அவையே அவளது நோயின் வித்துகளாக ஏட்டில் எழுதப்பட்டன. இப்பட்டியலை எழுதிய மருத்துவர்களுள் எவரும் இந்த முரணைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

உளப்பகுப்பாய்வினர் பங்கும் சிறிதன்று. ஃபிராய்டின் மாணவியும், வியன்னாவிலிருந்து 1935இல் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தவருமான ஹெலன் டாய்ச், பெண்களின் உளவியல் பற்றி இரு தொகுதிகள் எழுதினார். 1945இல் வந்த இரண்டாம் தொகுதியில், இனப்பெருக்கத் திறன் முடிவதைப் பெண்ணின் ஒரு பாதி இறப்பாகவே கருதி எழுதினார். அதன்பின் எஞ்சுவது இழப்பைத் தாங்கிக்கொள்ளும் வேலைதான். இதை எழுதியபோது அவருக்கு வயது அறுபதை ஒட்டி. அதன்பின் அவர் பல்லாண்டு மாணவர்க்குப் பயிற்சியளித்தார். 1973இல் தன்வரலாறு எழுதினார். 1982இல் 97ஆம் வயதில் மறைந்தார். தம் கோட்பாட்டைத் தம் வாழ்க்கையால் மறுத்தவர்கள் வரிசையில் அவரை வைத்துப் பார்ப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

சிகிச்சைகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். 1929இல் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒன்று தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. 1930களில் இந்நோயர்க்கு அதை ஊசியிட்டுப் பார்த்தனர். முதலில் வெற்றி முழக்கம், பின்னர் கவனமாக ஒப்பிட்டுப் பார்த்தபோது முழக்கம் அடங்கிற்று. 1938இல் ரோம் நகரில் தோன்றிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை உண்மையிலேயே பலரை மீட்டது. ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் கிடந்திருக்கக்கூடியவர்கள் சில வாரங்களில் வீடு திரும்பினர். அதன் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பது இன்று வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. 1942இல் சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரெமரின் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1963இல் வேலியம் வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்நாட்டில் மிக அதிகமாக எழுதித்தரப்படும் மருந்தாயிற்று. விழுங்கியவர்களில் ஆண்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கினர் பெண்கள். 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மகப்பேற்று மருத்துவர், மெனோபாஸ் என்பதே ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் உண்டால் என்றும் பெண்மை மாறாது என்று ஒரு நூலெழுதிப் பெரும்புகழ் பெற்றார். அதில் அவர் இரங்கியது பெண்ணுக்காகவா, சிடுசிடுக்கும் மனைவியோடு வாழநேர்ந்த கணவனுக்காகவா என்பது படிப்போர்க்கு ஐயமாகவே இருக்கும். ஹார்மோன் தயாரிப்பாளர்கள் அவருக்குப் பொருளுதவி செய்த செய்தி பிற்பாடு வெளிவந்தது.

இலக்கிய வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு திருப்பம் இனி வருகிறது. 1969இல் ஃபிலிப் ராத் எழுதிய ‘போர்ட்னாய்ஸ் கம்ப்ளெய்ன்ட்’ என்ற நாவல் வெளியாயிற்று. உளமருத்துவரின் சாய்மெத்தையில் படுத்தபடி மகனொருவன் தன் தாயைப் பற்றிச் செய்யும் முறையீடு அது. அமெரிக்கா முழுதும் சிரித்துப் படித்தது. மறு ஆண்டே பாலின் பார்ட் என்ற சமூகவியலாளர், போர்ட்னாயின் தாயின் முறையீடு என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். மகன் பேசிவிட்டான், அந்தத் தாய்க்கு என்ன நேர்ந்தது என்று எவராவது கேட்டீர்களா என்பதுதான் அதன் கேள்வி. நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரை, முதன்முறையாக மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 533 பெண்களின் ஏடுகளைப் பார்ட் ஆராய்ந்தார். சிலரோடு நேரில் உரையாடினார். சோர்வுற்றவர்களிடையே ஒரு சாயல் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகளே உலகமென்று வாழ்ந்த இல்லத்தரசிகள் அவர்கள்; பிள்ளைகள் போய்விட்டார்கள். தாய்மையைக் குறைவாகச் செய்தவள் உடையவில்லை. சமூகம் சொன்னபடியெல்லாம் நிறைவாகச் செய்தவளே உடைந்தாள். 1930களின் மருத்துவர்கள் குணக்கேடாக எழுதிவைத்ததை அவர் ஒரு வேலை ஒப்பந்தமாகப் படித்தார். முப்பது ஆண்டு ஊதியமின்றி வேலை வாங்கிவிட்டு, ஒருநாள் அறிவிப்பின்றி அவளை நீக்கிவிடுகிறார்கள்.

பார்ட்டின் முடிவை அப்படியே விழுங்கவும் முடியாது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் கண்டு வந்த முடிவு அது. 1979இல் லிலியன் ரூபின் என்பவர் 160 நடுவயதுப் பெண்களோடு உரையாடி எழுதிய நூலில், பிள்ளைகள் வெளியேறியதை எண்ணிப் பெருமூச்சு விட்டவர்களே மிகுதி. அது நிம்மதிப் பெருமூச்சு. ஆளற்ற கூட்டில் தாய்ப்பறவை புலம்புகிறது என்ற படிமம் நம் எழுத்தாளர்களுக்கு மிகப் பிடித்தமானது. பறவைக்கு வேறு வேலை இருக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

பார்ட் கேட்ட இன்னொரு கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. நடுவயதில் பெண்ணின் மதிப்பு உயரும் சமூகங்கள் உண்டா என்று அவர் மானிடவியல் பதிவுகளில் தேடினார். உறவு வலுவாகவும் மூத்தவளுக்கு வீட்டில் அதிகாரம் உள்ளதாகவும் இருக்குமிடத்தில் மதிப்பு உயர்வதைக் கண்டார். 1975இல் மார்ஷா ஃபிளின்ட் என்ற மானிடவியலாளர், வட இந்திய ராஜபுத்திரப் பெண்களிடம் விசாரித்துவிட்டு, மாதவிடாய் நின்றது பற்றி அவர்கள் பெரிதாக முறையிடவில்லை என்றார். அதுவரை முக்காட்டுக்குள் இருந்தவர்கள் இனி ஆண்கள் அமர்ந்திருக்கும் முற்றத்தில் வந்து பேசலாம், சிரிக்கலாம். விடுதலை கிடைக்கும் நாளை நோயென்று எவர் சொல்வார்? ஆயினும் இதைக் காட்டி நம் பெண்களுக்குக் குறையொன்றுமில்லை என்று மார்தட்டுவோரை நாம் ஐயத்தோடே பார்க்கிறோம். ஐம்பதில் கிடைக்கும் விடுதலை முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளின் சிறையை ஒப்புக்கொள்கிறது. மாமியாராகக் கிடைக்கும் அதிகாரம் இன்னொரு மருமகளின் தலைமீது அல்லவா நிற்கிறது.

நம் தமிழில் நிலைமை என்ன? உலா இலக்கியத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம்மை உறுத்தும் ஒன்று உண்டு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனப் பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்தனர். ஆண்டுக்கணக்கு நூலுக்கு நூல் சற்று வேறுபடினும், பொதுவழக்கில் பேரிளம்பெண்ணின் பருவம் நாற்பதோடு முடிகிறது. அதன்பின் பெயர் இல்லை. தலைவன் வீதியுலா வரும்போது அவனைக் கண்டு மயங்க ஆளில்லை என்பதனால் கணக்கு அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 46, 47. ஆகவே அந்தப் பருவத்தைக் கடக்கும் பெண் நம் இலக்கண ஏட்டின் கடைசி வரியைத் தாண்டிய வெற்றுத்தாளில்தான் நின்றுகொண்டிருக்கிறாள். மேற்கே அவளுக்குத் தவறான பெயர் வைத்தார்கள். நாம் பெயரே வைக்கவில்லை. எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜப்பானில் வேறொரு பெயர் உண்டு: ‘கோனென்கி’. கனடாவின் மானிடவியலாளர் மார்கரெட் லாக் 1980களில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆய்வு நடத்தி 1993இல் நூலாக்கினார். அச்சொல் மாதவிடாய் நிற்பதை மட்டும் குறிப்பதன்று. நடுவயதின் நெடிய திருப்பம் முழுவதையும் குறிக்கும். மேற்கத்தியப் பெண்கள் முதலாவதாகச் சொல்லும் திடீர் உடற்சூடு அங்கே அருகியே சொல்லப்பட்டது; தோள்பட்டை இறுகிப்போதலே பெரிய முறையீடு. படுக்கையில் கிடக்கும் மாமனார் மாமியாரைத் தூக்கியெடுத்துப் பணிவிடை செய்யும் வயதும் அதுவே என்று லாக் குறிப்பிடுகிறார். அத்துன்பத்தைச் சொன்ன இல்லத்தரசிகளுக்கு, வேலையற்ற பெண்களின் ஆடம்பர நோய் என்ற பழியும் கிடைத்தது.

இனி நோயின் முடிவுக்கு வருவோம். 1979இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிர்னா வைஸ்மன், இந்நோய் ஒரு கட்டுக்கதை என்று வெளிப்படையாகவே தலைப்பிட்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். தனி நோயாயின் மூன்று அடையாளங்கள் இருக்கவேண்டும்: மற்றச் சோர்வுகளில் காணாத குறிகள், முன்பு சோர்வு வந்திராமை, வாழ்க்கைத் துன்பம் எதுவும் காரணமாக இராமை. சோர்வுக்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களை வயதுவாரியாகப் பிரித்து ஒப்பிட்டபோது மூன்றில் ஒன்றும் தேறவில்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரியின் சோர்வும் முப்பது வயதுக்காரியின் சோர்வும் ஒன்றுபோலவே இருந்தன. டிரேஃபுஸ் 72 ஆண்டுகளுக்கு முன் சொன்னதுதான். இம்முறை காது கொடுத்தார்கள்.

பெண்ணியர் இதனை வெற்றியாகக் கொண்டாடினர், கொண்டாடத் தக்கதே. ஆனால் வழக்கு அத்தோடு முடியவில்லை. காரணம் உடலன்று என்று தீர்ப்பானபின், உடலால் உண்மையாகவே அல்லலுற்ற பெண்ணுக்கும் ‘எல்லாம் உன் மனம்தான்’ என்ற விடை கிடைக்கலாயிற்று. ஒரு தவறான பெயரை நீக்கியவர்கள் அதற்குள் அகப்பட்டிருந்த உண்மையின் துணுக்கையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

அத்துணுக்கைத் திரும்பப் பொறுக்க 2006 ஆயிற்று. அவ்வாண்டு பாஸ்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் நடந்த இரு ஆய்வுகள் ஒரே இதழில் வெளியாயின. முன்பு மனச்சோர்வே கண்டிராத பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் அவை. மாதவிடாய் முற்றும் நிற்பதற்கு முந்தைய தடுமாற்றக் காலத்தில் சோர்வு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு அல்லது அதற்கும் மேலாக இருப்பதை இரண்டும் கண்டன. பெரும்பாலான பெண்கள் சோர்வின்றியே இப்பருவத்தைக் கடக்கிறார்கள் என்பதும் உண்மை. ஹார்மோன் ஓய்ந்துபோவதைவிட, ஓய்வதற்கு முன் அது ஏறியிறங்கித் தள்ளாடுவதே சிலரை வாட்டுகிறது. கார்தான் முதல் வில்சன் வரை எல்லாரும் முடிவையே உற்றுநோக்கிக்கொண்டிருந்தனர். தொல்லையோ வழியில் இருந்தது. இடையில் 2002இல், நோய்த்தடுப்புக்காக ஹார்மோன் உண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடுவதாகக் கண்டு 16,608 பேர் பங்கேற்ற பேராய்வொன்று பாதியில் நிறுத்தப்பட்டது. பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்ற செய்தி தலைப்புகளில் வரவில்லை. அச்சத்தில் ஐம்பது வயதுப் பெண்களும் மருந்தைக் கைவிட்டனர். இளையோர்க்கு அபாயம் அதே அளவினதன்று என்பது பின்னைய ஆய்வுகளில் தெளிவாயிற்று.

2018இல் அமெரிக்க வல்லுநர் குழுவொன்று இத்தடுமாற்றக் காலத்து மனச்சோர்வுக்கென வழிகாட்டுநெறி வெளியிட்டது. சோர்வுநீக்கி மருந்துகளும் உரையாடல் சிகிச்சையும் முதலிடம் பெற்றன. ஈஸ்ட்ரோஜன் சிலருக்குப் பயன்படலாம் என்ற அளவில் நின்றது. இரவில் வியர்த்து உறக்கம் கெடுகிறதா, இளவயதில் சோர்வு வந்ததுண்டா என்று கேட்கச் சொல்கிறது அந்நெறி. அதோடு, மருத்துவர் கணக்கில் கொள்ளவேண்டியவை என்று வேறு சிலவற்றையும் வரிசைப்படுத்துகிறது: பிள்ளைகளைப் பேணுதல், முதிய பெற்றோரைப் பேணுதல், வேலையில் மாற்றம், உறவுகளில் மாற்றம், குடும்பத்தில் நோய்.